இறக்கத்தில் ஹெல்மட் என்ன செய்யும்?

மலையகத்துப் பிள்ளைகளுக்கு சைக்கிள் என்பது தூரத்துச் சொந்தம் மாதிரி. நல்லது கெட்டதுக்கு வந்து தலைகாட்டும், வீட்டில் தங்காது. லயத்திலிருந்து ஸ்டோருக்கு இறக்கம், ஸ்டோரிலிருந்து கோயிலுக்கு ஏற்றம், கோயிலைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போவதற்குள் ஏழெட்டு வளைவு. போகும்போது பிரேக்கைப் பிடித்த கை வலிக்கும், வரும்போது தள்ளிக்கொண்டு வந்த முதுகு வலிக்கும். “சைக்கிள நீ ஓட்டுறியா, சைக்கிள் ஒன்ன ஓட்டுதா?” என்று பெரியவர்கள் கேட்பது சும்மா இல்லை. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சைக்கிளுக்கு அடிபிடி நடந்தது. எங்கள் பக்கம் சனம் நடந்தது.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் வளர்ந்த எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் சைக்கிள் ஓடப் பழகியதே இருபது வயதுக்குப் பிறகுதான். அதுவும் தோட்டத்தில் இல்லை. வந்தாறுமூலையில், கலைப்பீடத்துக்குப் படிக்கப் போன இடத்தில். ஏ5 வீதி பேராதனையில் தொடங்கி பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று வந்து செங்கலடியில் முடிகிறது. எங்கள் வீட்டுக்கும் கெம்பஸுக்கும் பக்கத்தில் வருவது அந்த ஒரே வீதிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு உலகம். இந்தப் பக்கம் வளைவும் பள்ளமும். அந்தப் பக்கம் பலகை மாதிரி தரை. அங்கே மீன் பெட்டி கட்டிய ஐயா சைக்கிளில் போகிறார், ரீச்சர் சைக்கிளில் போகிறார், பிள்ளையை முன்னாலும் மரக்கறிப் பையைப் பின்னாலும் வைத்து ஒரு அம்மா போகிறார். ஒருத்தர் தலையிலும் ஹெல்மட் கிடையாது. அங்கே யாரும் அதைப் பற்றிப் பேசியதும் கிடையாது.

பேச்சு வந்தது தோட்டத்தில்தான். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் வாலிபர் சங்கம் கூடியிருந்தது. கயிறு இழுத்தல், தலையணைச் சண்டை, வழுக்கு மரம் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. சைக்கிள் ஓட்டத்தில் வந்து நின்றது. “இந்த வருஷம் ஹெல்மட் கட்டாயம்னு போடுவோம்” என்று ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிற அக்கா ஒருவர் சொன்னார். “அப்படின்னா நம்ம பயலுக ஒருத்தனும் ஓட மாட்டான்க்கா, சைக்கிளே எரவல் சைக்கிள்” என்றான் ஒரு தம்பி. அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் சண்டை. அந்தச் சண்டை எங்களை விடவில்லை. கெம்பஸுக்குத் திரும்பிய பிறகும் தேடித் தேடி வாசித்தோம், கேட்டோம், எங்களுக்குள்ளேயே கட்சி மாறினோம். கிடைத்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அக்காவின் பக்கம். ஹெல்மட் தலையைக் காக்குமா? காக்கும். இதில் பெரிய சந்தேகத்துக்கு இடமில்லை. 2017இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக் ஒலிவியரும் புரூடன்ஸ் கிரைட்டனும் அதுவரை வந்திருந்த 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சைக்கிள் விபத்தில் காயப்பட்ட 64,000க்கும் மேற்பட்டவர்களின் கணக்கு அது. ஹெல்மட் போட்டிருந்தவர்களுக்குத் தலையில் காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பாரதூரமான தலைக்காயம் என்று பார்த்தால் 69 சதவீதம் குறைவு. கழுத்துக் காயத்தைக் கூட்டும் என்றொரு பயம் முன்பு இருந்தது. அதற்கு இந்தக் கணக்கில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் இந்தக் கணக்கை நிதானமாக வாசிக்க வேண்டும். இது காயப்பட்டவர்களுக்குள்ளே ஹெல்மட் போட்டவர், போடாதவர் என்று ஒப்பிட்ட கணக்கு. விழுந்த பிறகு தலைக்கு என்ன ஆகும் என்பதை இது சொல்கிறது. விழுவோமா மாட்டோமா என்பது இதற்குள் இல்லை. ‘ஹெல்மட் தலைக்காயத்தைக் குறைக்கும்’ என்பதும் ‘ஹெல்மட் போட்டால் சைக்கிள் ஓடுவது பாதுகாப்பானது’ என்பதும் ஒரே வசனம் மாதிரித் தெரியும். இரண்டுக்கும் இடையில் ஒரு முழு ரோடு கிடக்கிறது.

அந்த ரோடு பதுளையில் எப்படி இருக்கிறது என்பதுதான் எங்கள் பிரச்சினை.

சைக்கிள் ஹெல்மட்டுக்குள் இருப்பது நாங்கள் ரெஜிபோம் என்று சொல்கிற அதே சாமான். ரீவிப் பெட்டிக்குள் வருமே, அதன் இறுக்கமான வகை. தலை தரையில் மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்க எடுக்கும் அந்தக் கண் இமைக்கிற நேரத்துக்குள் அடியின் வேகம் குறைகிறது. ஒரு தடவை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது, மறுபடி நிமிராது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078இல் இதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தோம். சுமார் ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் விழுத்துகிறார்கள். மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீற்றர்.

இதை வாசித்ததும் எங்களில் ஒருத்தன் துள்ளினான். “மச்சான், நம்ம எறக்கத்துல மிதிக்காமலே நாப்பது வரும். அப்ப இது எதுக்கு?” வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும் என்பது ஓ.எல். விஞ்ஞானம். அவன் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைப் புரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நாற்பதில் போகிறவன் சறுக்கி ரோட்டில் விழுந்தால் அவனுடைய தலை நாற்பது வேகத்தில் தரையைக் குத்துவதில்லை. உடம்பு முன்னால் இழுபட்டுப் போகும். தலை தரையைத் தொடுவது அது இருந்த உயரத்திலிருந்து விழுகிற வேகத்தில்தான். அந்த உயரம் ஒன்றரை மீற்றர் சொச்சம். ஹெல்மட் செய்யப்பட்டதே அந்த விழுகைக்குத்தான். ஆனால் அதே நாற்பதில் நேரே போய் மதகுச் சுவரிலோ, வளைவில் எதிரே ஏறி வரும் லொறியின் முகத்திலோ மோதினால் முழு நாற்பதும் தலைக்கு வரும். லொறியின் வேகமும் அதோடு கூடும். அங்கே ரெஜிபோமால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

ஆகவே மலையில் சைக்கிள் ஓடுகிறவனுக்கு இரண்டு விதமான விபத்து. சறுக்கி விழுவது ஒன்று, எதிலாவது போய் மோதுவது இன்னொன்று. முதலாவதில் ஹெல்மட் உயிரைக் காப்பாற்றும். இரண்டாவதில் காப்பாற்ற வேண்டியது வேறு.

அந்த வேறு என்ன என்பதைப் பதுளை டவுனில் சைக்கிள் திருத்துகிற மாமா ஒருவர் எங்களுக்குக் காட்டினார். கடையில் கிடந்த ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார். லீவர் கைப்பிடியில் போய் முட்டியது, சில்லு பாட்டுக்குச் சுற்றியது. பிரேக் கட்டை தேய்ந்து வழுக்கலாகிவிட்டது, கேபிள் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. “தம்பி, ஹெல்மட் விழுந்த பொறகு வேல செய்யிற சாமான். பிரேக் விழாம இருக்க வேல செய்யிற சாமான். ரெண்டும் வேணும். கையில இருக்கிற காசுக்கு எத மொதல்ல வாங்குவீங்க?” என்றார். இன்னொன்றும் சொன்னார். பனியிலும் தூறலிலும் ரிம் நனைந்துவிட்டால் நல்ல பிரேக் கூட உடனே பிடிக்காது. இரும்பு ரிம் என்றால் இன்னும் மோசம். எங்கள் பக்கம் பனியும் தூறலும் இல்லாத மாதம் எது?

அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைப் பக்கம் போனால் லிப்டன் சீட்டிலிருந்து வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் இறங்கி வருவதைப் பார்க்கலாம். எல்லப் பக்கமும் அப்படித்தான். தலையில் ஹெல்மட், கையில் கையுறை. எங்கள் பயல்கள் அவர்களைப் பார்த்துச் சொல்வது, “அவங்ககிட்ட ஹெல்மட் இருக்கு, நம்மகிட்ட இல்ல.” உற்றுப் பார்த்தால் அவர்களிடம் இருப்பது ஹெல்மட் மட்டும் இல்லை. காலையில் ஒருத்தர் பரிசோதித்துக் கொடுத்த பிரேக், வளைவு தெரிந்த வழிகாட்டி, பின்னாலேயே வருகிற வேன். கீழே விழுந்தால் ஏற்றிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. இந்த வரிசையில் ஹெல்மட் கடைசி ஆள். நமக்குக் கண்ணில் படுவதோ அது ஒன்றுதான்.

அடுத்தது ‘கட்டாயம்’ என்ற சொல். இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மட் கட்டாயம், மிதிக்கிற சைக்கிளுக்கு இல்லை. மோட்டார் சைக்கிளில் அந்தச் சட்டம் நிறையத் தலைகளைக் காப்பாற்றுகிறது. அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனாலும் எங்கள் தோட்டத்து ரோட்டில் நின்று பாருங்கள். உள் ரோட்டில் ஹெல்மட் முழங்கையில் தொங்கும். மெயின் ரோட்டுக்கு ஏறும் வளைவில் தலைக்குப் போகும், வார் பூட்டப்படாது. டவுனைத் தாண்டியதும் மறுபடி முழங்கை. பைக்கில் மூன்று பேர், ஹெல்மட் ஒன்று, அது ஓட்டுகிறவருக்கு. நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. தலைக்குப் போட வேண்டியதை பொலிசுக்குப் போடுகிறோம். தண்டப்பணத்துக்குப் பயந்து போட்ட தொப்பி, பயம் போனதும் கழன்றுவிடும்.

சைக்கிளுக்கு ஹெல்மட்டைச் சட்டமாக்கிய முதல் இடம் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். ஒரு வருடத்துக்குள் ஹெல்மட் போடுகிறவர்கள் 31 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாகக் கூடினார்கள். தலைக்காயம் குறைந்தது. கூடவே சைக்கிளில் போகும் பதின்வயதுப் பிள்ளைகளும் குறைந்தார்கள். இந்த இரண்டாவது செய்தியை வைத்துக்கொண்டு இன்றைக்கும் வாதம் நடக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த பீற்றர் ஜேக்கப்சன் 2003இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த வாதத்தில் அடிக்கடி வரும். ரோட்டில் சைக்கிள்காரர்கள் கூடக்கூட, ஆளுக்கு ஆள் ஆபத்து குறைகிறது என்று பல நகரங்களின் கணக்கை வைத்து அவர் காட்டினார். செங்கலடியில் ஹெல்மட் இல்லாமலே எங்களுக்குப் பயம் வராததன் காரணம் அதை வாசித்த பிறகுதான் விளங்கியது. அங்கே பஸ்காரருக்குத் தெரியும், அடுத்த ஒழுங்கையிலிருந்து ஒரு சைக்கிள் வரும் என்று. எங்கள் தோட்டத்து வளைவில் ஆட்டோக்கார அண்ணன் சைக்கிளை எதிர்பார்ப்பதே இல்லை. “இங்க சைக்கிள் வரும்னு யாரு நெனச்சா?” என்றுதான் அவரும் கேட்பார்.

நெதர்லாந்துக் கதையையும் சொல்ல வேண்டும். இன்று உலகத்திலேயே சைக்கிளுக்குப் பேர் போன நாடு. சாதாரணமாக யாரும் அங்கே ஹெல்மட் போடுவதில்லை. ஆனால் அது பிறக்கும்போதே அப்படி இருக்கவில்லை. 1971இல் அங்கே வீதி விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் 400க்கும் மேல் பிள்ளைகள். தாய் தகப்பன்மார் தெருவுக்கு இறங்கினார்கள். ‘பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்து’ என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே. அவர்கள் பிள்ளைகளின் தலைக்குத் தொப்பி கேட்கவில்லை, ரோட்டை மாற்றச் சொன்னார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை, வீட்டுத் தெருக்களில் வேகக் கட்டுப்பாடு என்று வருடக்கணக்காக அந்த நாடு தன் ரோட்டைத் திருத்தியது.

இந்த இடத்தில் எங்களுக்கு எங்கள் ரோடு ஞாபகம் வந்தது. 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 பேர் போனார்கள். சரிந்து வந்த பாறை கிடந்ததால் அந்த இடத்தில் ரோடு ஒடுங்கியிருந்தது. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். அந்த இரண்டு தடவையும் ஊரே கேட்டது என்ன? ரோட்டோரத் தடுப்பு எங்கே, பாறையை ஏன் எடுக்கவில்லை, பிரேக் எப்படி, சாரதி எப்படி? செத்துப்போன பயணியைப் பார்த்து ‘நீ என்ன போட்டிருந்தாய்’ என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்போம்.

சைக்கிளில் போன பையன் அடிபட்டால் மட்டும் முதல் கேள்வி வேறு: “ஹெல்மட் போட்டிருந்தானா?” இல்லை என்றால் ஒரு தலையாட்டல். அதோடு விசாரணை முடிந்தது. வளைவில் கண்ணாடி இல்லாததும், கானோரம் தார் பெயர்ந்து கிடந்ததும், வாகனம் எந்த வேகத்தில் வந்தது என்பதும் அந்தத் தலையாட்டலுக்குள் மறைந்துவிடும். ஹெல்மட் சட்டமாகிவிட்டால் அந்தக் கேள்வியே தீர்ப்பாகிவிடும். இதுதான் எங்களில் பாதிப் பேருடைய பயம்.

தோட்டத்து ரோட்டுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது யாருடைய ரோடு என்ற கேள்விக்கே நீண்ட காலம் நேரான பதில் இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தங்கள் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. நாம் வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவர் நம்முடைய லயத்து ரோட்டில் ஒரு கூடை கிராவல் கொட்ட முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் திருந்தி இத்தனை வருடம் ஆகியும், ரோடு உடைந்தால் தோட்டத்தைக் கேட்பதா சபையைக் கேட்பதா என்ற குழப்பம் சனத்துக்குப் போகவில்லை. இந்த லட்சணத்தில் எல்லாப் பொறுப்பையும் ஒரு பதினைந்து வயதுப் பையனின் தலையில், நிஜமாகவே தலையில், தூக்கி வைப்பது நியாயமா?

இதையெல்லாம் அடுக்கிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனோம். வார்டு அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “நீங்க சொல்றது எல்லாம் சரி. ரோடு திருந்தணும், பிரேக் திருந்தணும், சட்டம் திருந்தணும். அது வரைக்கும் அந்தப் புள்ள தலைய எங்க வச்சிருக்கிறது? ராவுல வார்டுக்குக் கொண்டு வருவாங்க. அம்மாவைக் கூட அடையாளம் தெரியாம கெடப்பான். அப்ப நான் அவன்கிட்ட நெதர்லாந்துக் கதையா சொல்லட்டும்?”

கூட்டம் அடங்கிப் போனது. எங்களிடம் அதற்குப் பதில் இல்லை, இப்போதும் இல்லை. ஹெல்மட்டைப் பற்றிய வாதத்தில் ரெண்டு பக்கமும் உண்மை பேசுகிறது என்பதுதான் கஷ்டம். ஒரு பக்கம் ரோட்டைப் பற்றிப் பேசுகிறது, மற்றப் பக்கம் தலையைப் பற்றிப் பேசுகிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை வாயடைக்கும்போதுதான் தப்பு நடக்கிறது.

கடைசியில் நாங்கள் பிடித்துக்கொண்ட நியாயம் ஒன்றே ஒன்று. கட்டாயம் என்று சொல்கிறவர் முதலில் கொடுக்க வேண்டும். சட்டி கொடுக்காமல் சமைக்கச் சொல்லக்கூடாது. போட்டியை நடத்துவது நாங்கள், ரோட்டை மறிப்பது நாங்கள், விசில் ஊதுவது நாங்கள். அதனால் போட்டிக்கு ஹெல்மட் கட்டாயம் என்று சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு, ஹெல்மட்டை நாங்களே கொடுத்தால். மற்ற நாளில் தனக்கென்று ஒரு சைக்கிள் கூட இல்லாத பையனிடம் போய்ச் சட்டம் பேசும் உரிமை, அவனுக்கு ஒரு நல்ல பிரேக்கும் ஒரு நேரான ரோடும் கொடுக்காத யாருக்கும் இல்லை.

முடிவுகள் இப்படி வந்தன. சேர்ந்த காசில் எட்டு ஹெல்மட். எட்டுப் பேராகப் பிரித்து ஓட விட்டால் எட்டு போதும். சைக்கிள் மாமா காலையிலேயே வந்து ஒவ்வொரு சைக்கிளின் பிரேக்கையும் பார்ப்பார்; அவர் தலையாட்டாத சைக்கிள் கோட்டில் நிற்காது. வளைவுக்கு வளைவு கொடியோடு ஒரு ஆள். ஓட்டம் முடியும் வரை ஆட்டோக்கள் கோயிலடியில் நிற்கும். எல்லாவற்றையும் விட நல்ல யோசனை சொன்னது, கூட்டத்தில் வாயே திறக்காமல் இருந்த ஒரு தாத்தா. “ஏன்டா கீழ எறக்குறீங்க? மேல ஏத்துங்கடா.” இத்தனை வருடமாகக் கோயிலடியில் தொடங்கி ஸ்டோரில் முடிகிற ஓட்டம் இந்த முறை ஸ்டோரில் தொடங்கிக் கோயிலடியில் முடிந்தது. ஏற்றத்தில் யாரும் நாற்பதில் போக முடியாது. மூச்சுத்தான் போகும். கடைசி வளைவில் பாதிப் பேர் இறங்கித் தள்ளினார்கள், சனம் விழுந்து விழுந்து சிரித்தது, முதலாவது வந்தவன் வாந்தி எடுத்தான்.

யாரும் விழவில்லை. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். எட்டு ஹெல்மட்டில் ஒன்று கூட நசுங்காத ஒரு நாளை வைத்து ஹெல்மட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஏற்றத்தைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் சொல்லலாம்.

அந்த எட்டும் இப்போது சங்கத்து வாசிகசாலையில் ஆணியில் தொங்குகின்றன. பக்கத்தில் ஒரு சி.ஆர். கொப்பி. எடுத்துப் போகிறவர் பெயரும் நேரமும் எழுத வேண்டும், விழுந்து அடிபட்ட ஹெல்மட் என்றால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதை நாங்கள் தூக்கிப் போட்டுவிடுவோம். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. போன கிழமை வரைக்கும் கொப்பியில் இருபத்தியாறு வரி. பெரும்பாலும் டியூஷனுக்கு டவுனுக்கு இறங்குகிற பிள்ளைகள். ஒரு வரியில் மட்டும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தங்கச்சிக்கு’ என்று எழுதியிருக்கிறது.

அதே கொப்பியின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கணக்கும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். எந்த வளைவில் தார் பெயர்ந்திருக்கிறது, எங்கே கண்ணாடி வேண்டும், எந்த மதகுக்குச் சுவர் இல்லை. இதுவரைக்கும் பதினொரு இடம். அதைக் கடிதமாக்கி ஒரு பிரதி தோட்டத்துக்கும் ஒரு பிரதி பிரதேச சபைக்கும் கொடுக்கப்போகிறோம். உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு கொப்பி இருந்தால், முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்தே எழுதுங்கள்.